ஊமை அண்ணா: திருகோணமலையில் கேம் விளையாடும் ஒரு பெண் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. எங்கள் உளவளத்துணை அலுவலகத்தின் பதிவுப் படிவத்தில் 'வந்த காரணம்' என்ற இடத்தில் தாய் இப்படி எழுதியிருந்தார்: 'மகள் போன் கேமுக்கு அடிமை. இப்ப கதைக்கிறதும் இல்லை.' இரண்டாவது வசனம் பிறகு ஞாபகம் வந்து சேர்த்தது போல, கோட்டுக்கு வெளியே சின்ன எழுத்தில் நெருக்கிக் கிடந்தது. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த இரண்டாவது வசனத்தைப் பற்றியது.

அவளுடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வரைவை அவளே வாசித்து இரண்டு இடங்களைத் திருத்தினாள். இரண்டும் கேம் சொற்களை நான் பிழையாக எழுதிய இடங்கள்.

வந்தபோது

அவளுக்கு இருபது வயது. ஏ.எல் என்ற உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். 2022க்குரிய அந்தப் பரீட்சை தள்ளிப்போய் 2023 ஜனவரிக் கடைசியில்தான் தொடங்கியது. முடிவு வந்தது செப்டெம்பரில். அதற்குப் பிறகு கம்பஸ் கிடைக்க இன்னும் பல மாதம். இந்தக் காத்திருப்பில் இருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். பெடியன் என்றால் எங்காவது கடையில் நிற்பான், பின்னேரம் கடற்கரையில் பந்தடிப்பான். பெட்டை என்றால் வீட்டில் இருப்பாள், அவ்வளவுதான்.

முதல் இரண்டு சந்திப்பிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. தாய்தான் கதைத்தார். தகப்பன் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி மூன்று கிழமை. அன்றிலிருந்து கேட்டதற்கு 'ம்', இல்லாவிட்டால் 'இல்லை'. சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், வீட்டு வேலை செய்கிறாள். கதைப்பது மட்டும் இல்லை. எங்கள் அலுவலக மதிலோரம் மான்கள் வரும். திருமலைக்காரருக்கு இது புதினமில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் ரோட்டில் மாடு மாதிரித் திரியும். அன்றும் ஒன்று நின்று மதிலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அவள் இரண்டு சந்திப்பிலும் பார்த்தது அந்த ஜன்னலைத்தான்.

மூன்றாவது சந்திப்புக்கு என் அக்காவின் மகனிடம் போனை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அவள் விளையாடும் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமை அவன் முதலே போட்டு வைத்திருந்தான். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "எனக்கு இது ஒண்டும் விளங்கேல்ல, காட்டித் தாங்க பிள்ளை" என்றேன். பாரசூட்டில் குதித்து இறங்கி ஒரு வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் செத்துப் போனேன். அவள் சிரித்தாள். அப்புறம் நாற்பது நிமிடம் நிற்காமல் கதைத்தாள்.

எரங்கல் என்ற வரைபடத்தைப் பற்றித்தான் முழுக்க. எட்டுக் கிலோமீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் நிலம். நூறு பேர் இறங்குவார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் நிற்கும் நான்கு பேர் அணிதான் வெற்றி. தெற்கே ஒரு தனித் தீவு, அதற்கு இரண்டு பாலம். "எங்கட ஆக்கள் கிண்ணியாப் பாலத்தால மூதூருக்குப் போற மாதிரித்தான் மிஸ். வட்டம் இந்தப் பக்கம் விழுந்தால் எல்லாரும் பாலத்தால வரத்தானே வேணும். கொஞ்சப் பேர் முதலே வந்து பாலத்தில படுத்திருப்பாங்க." கிண்ணியாவில் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் 'பாதை' என்ற மிதவைப் படகில் வாகனத்தோடு ஏறித்தான் கடப்போம். அவள் பிள்ளை வயதில் ஒரு தடவை பாதையில் போன ஞாபகம் இருக்கிறதாம். பாலத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று இருபது வயதுப் பிள்ளை உற்சாகமாகச் சொல்லும்போது எங்கள் வயதுக்காரரின் தலைக்குள் வேறு படம் ஓடும். அதை அவளிடம் சொல்லவில்லை. தாயிடம் அது பெரிதாக இருந்தது, பிறகு வருகிறேன்.

ஊமை அண்ணா

அவள் விளையாடத் தொடங்கியது 2020 மார்ச்சில், கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியபோது. போன் தம்பியுடையது. ஒன்லைன் வகுப்புக்கு என்று வாங்கியதை இருவரும் மாறி மாறிப் பாவித்தார்கள். அவன் தூங்கிய பிறகு இரவு டேட்டாவில் அவள் விளையாடுவாள். பிறகு அவளுக்கென்று ஒரு பழைய போன் வந்தது.

கணக்குக்கு ஆண் பெயர் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். முதல் கிழமை சொந்தப் பெயரின் பாதியை வைத்திருந்தாளாம். முன்பின் தெரியாதவர்களோடு அணி சேர்ந்த ஒரு ஆட்டத்தில் ஒருவன் அதை வாசித்துவிட்டு, கடைசி வட்டம் வரைக்கும் சுடாமல் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடி நம்பர் கேட்டானாம். "செத்தது கூடப் பரவாயில்லை மிஸ், அவன்ட ஆட்டத்தால எங்கட ஸ்குவாடே போச்சு." அடுத்த நாள் பெயரை மாற்றினாள். மைக்கை மூடினாள்.

மூடிய மைக் மூன்று வருடம் மூடியபடியே இருந்தது. இடையில் ஒரு நிரந்தர அணி அமைந்தது. ஒருவர் மட்டக்களப்புக்காரர், கட்டாரில் வேலை. ஒரு பெடியன் யாழ்ப்பாணம். இன்னொருவன் சென்னைப் பக்கம். ஏன் கதைப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு எழுத்தில் ஒரே பதில்: 'மைக் உடைஞ்சு போச்சு ப்ரோ.' மூன்று வருடமாக ஒருவன் மைக்கைத் திருத்தாமல் இருப்பானா என்று யாரும் யோசிக்கவில்லை. வெளிநாட்டில் முகாமில் தங்கி வேலை செய்யும் ஆள், சுற்றி ஆட்கள் தூங்குகிறார்கள், அதனால்தான் கதைப்பதில்லை என்று தாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். 'ஊமை அண்ணா' என்று பெயர் வைத்தார்கள்.

ஊமை அண்ணாதான் அந்த அணியை நடத்தினார். எந்த அணியிலும் வழிகாட்ட ஒருவர் இருப்பார்: எங்கே இறங்குவது, வட்டம் அடுத்து எங்கே விழும், எந்த வீட்டைப் பிடிப்பது என்று முடிவெடுப்பவர். அவள் அதை வரைபடத்தில் குறி போட்டே செய்தாள். மஞ்சள் குறி விழுந்தால் மூன்று பேரும் கேள்வி கேட்காமல் அங்கே ஓடுவார்கள். தரவரிசையில் ஏஸ் வரை போனார்கள். தம்பி கிரவுணுக்கு மேல் போனதில்லை. (வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தொடங்கி பிளாட்டினம், டயமண்ட், கிரவுண், ஏஸ் என்று ஏறும். கடைசியில் கொங்கரர், அது சேர்வரில் முதல் ஐந்நூறு பேருக்கு மட்டும். இந்தப் படிகளை மனப்பாடம் செய்ய எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.)

மைக் திறந்த இரவு

2023 மேயில் ஒரு சிறிய போட்டி. பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ் பேசும் அணிகள் இருபது சேர்ந்து கேமுக்குள்ளேயே தனி அறையில் விளையாடுவது. நடத்தியவர்கள் எல்லா அணியிலும் எல்லோரும் மைக்கில் இருக்க வேண்டும் என்றார்கள். கடைசி வட்டத்தில் குறி போட நேரம் இருக்காது, குரல்தான் வேண்டும். அவளும் அதை ஒத்துக்கொண்டாள். "மூண்டு வருசமாக் குறி போட்டுப் போட்டு விரல் அலுத்துப் போச்சு. ஒருக்கா வாயால சொல்லிப் பாக்க ஆசை வந்தது மிஸ்."

இரண்டாவது ஆட்டத்தில் திறந்தாள். சொன்னது ஒரே வசனம்: "மலைக்குப் பின்னால ரெண்டு பேர், ஏறாதீங்க."

பிறகு நடந்ததை அவள் வரிசையாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். முதலில் மூன்று செக்கன் அமைதி. சென்னைப் பெடியன், "பொண்ணா?" யாழ்ப்பாணத்தவன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டார் அண்ணா, "தங்கச்சி, நீ பின்னால நில், நாங்க பாத்துக்கிறம்." அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் அவள் போட்ட மஞ்சள் குறிக்கு ஒருவரும் ஓடவில்லை.

இந்த இடத்தை மேலோட்டமாக வாசித்துவிடக் கூடாது. பிறகு வசை பாடியவர்களைப் பற்றி அவள் சொல்லும்போது தோளைக் குலுக்கிக்கொண்டாள். கட்டார் அண்ணாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் கண் கலங்கியது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னவரில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நல்ல துப்பாக்கி கிடைத்தால் கொண்டுவந்து கொடுத்தார், அடிபட்டால் ஓடி வந்து தூக்கினார். ஆனால் மூன்று வருடம் அவள் விரல் காட்டிய பக்கம் ஓடியவர், குரல் பெண் குரல் என்று தெரிந்த நிமிடத்தில் அவளுக்கு வழிகாட்டத் தொடங்கிவிட்டார். வட்டத்தைக் கணிக்கும் மூளை அதேதான். குறியும் அதே மஞ்சள்.

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்தால் பிழை. அமெரிக்காவில் குஸ்நெகோவ், ரோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹாலோ 3 கேமில் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். முன்பே பதிவு செய்த அதே வசனங்களை ஒரு கணக்கிலிருந்து ஆண் குரலில், இன்னொன்றிலிருந்து பெண் குரலில் ஒலிக்கவிட்டார்கள். மூன்றாவதில் குரலே இல்லை. பெண் குரலுக்கு வந்த மோசமான பேச்சு மற்ற இரண்டையும்விட மூன்று மடங்கு. குரல் இல்லாத கணக்கும் ஆண் குரலும் ஏறக்குறைய ஒரே அளவில் தப்பித்துக்கொண்டன. மைக் உடைந்துபோனது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன் அல்லவா, பிறகு சொன்னவன் அவன்தான். அது பெண்ணே இல்லை, குரல் மாற்றும் செயலி என்று முதலில் கதை விட்டான். அது எடுபடவில்லை என்றதும், இவ்வளவு நாளும் விளையாடியது இவளுடைய தம்பி, இவள் வாயை மட்டும் கொடுக்கிறாள் என்றான். ஆட்டத்தின்போது திரையைப் பதிவு செய்து, அவளுடைய குரல் வரும் பதினைந்து செக்கனை வெட்டி, மேலே ஒரு கொச்சை வசனம் எழுதி ஒரு குழுவில் போட்டான். அணியில் புள்ளி குறைந்துகொண்டு வந்தவனும் அவன்தான். அடுத்த போட்டிக்கு அவனை மாற்றலாமா என்று மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் இதே ஹாலோ 3இல் கசுமோவிச்சும் குஸ்நெகோவும் செய்த இன்னொரு ஆய்வு, பெண் குரலை அதிகம் சீண்டியவர்கள் ஆட்டத்தில் பின்தங்கிய ஆண்கள் என்று கண்டது. நன்றாக விளையாடியவர்கள் அவ்வளவு சீண்டவில்லை. அதை வாசித்தபோது எனக்கு இந்தப் பெடியனின் ஞாபகம் வந்தது. ஒருவனை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது என்பதும் தெரியும்.

திருமலை சின்ன ஊர். பதினைந்து செக்கன் போதும். அவளுடைய குரலை அடையாளம் கண்டவன் மாமாவின் மகன். அவனும் விளையாடுகிறவன், அவனும் அந்தக் குழுவில் இருந்தவன். ஆனால் கேள்வி கேட்கப்பட்டது அவளிடம்.

வீடு

தகப்பன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாய் மூதூர்ப் பக்கத்தவர், 2006இல் சண்டையால் இடம்பெயர்ந்து வந்த குடும்பம். இந்த இரண்டு விவரத்தையும் நான் முதலில் படிவத்தை நிரப்பத்தான் எழுதினேன். பிறகு பார்த்தால் எல்லாம் அதில்தான் இருந்தது.

தாயிடம் தனியாகக் கதைத்தபோது, "அவள் விளையாடுறதில உங்களுக்கு எது கூடக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். படிப்பு, கண், ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று வரும் என எதிர்பார்த்தேன். "அந்த வெடிச்சத்தம் மிஸ்" என்றார். இரவில் அடுத்த அறையிலிருந்து வரும் துப்பாக்கிச் சத்தத்தில் இரண்டு தடவை எழும்பிப் பிள்ளைகளைத் தேடியிருக்கிறார். மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல், "சத்தத்தைக் குறை" என்று மட்டும் கத்தியிருக்கிறார். மகள் இயர்போன் போட்டாள். இயர்போன் போட்டால் கூப்பிடுவது கேட்காது. கேட்காவிட்டால், "அடிமையாகிவிட்டாள்". தாயின் குறைகளில் ஒன்று இப்படித்தான் வளர்ந்திருந்தது. மகளுக்கு இதைத் தாய் வாயாலேயே சொல்லவைத்தேன். அவள் அன்று வீட்டுக்குப் போய்க் கேமின் அமைப்புகளில் வெடிச்சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டப் பழகினாள். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு காதால் சரியாகத் தெரியாது. அது விளையாட்டுக்கு நட்டம்தான், அவள் அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தாள்.

தகப்பனின் குறை வேறு. அவர் வந்தது ஐந்தாவது சந்திப்புக்கு. கதிரையின் நுனியில் இருந்தார். "கேமில எனக்குப் பிரச்சினை இல்லை. நடுச்சாமத்தில ஆம்பிளைப் பெடியன்ட குரல் என்ட வீட்டுக்குள்ள கேக்குது. அதுக்கு என்ட பிள்ளை பதில் சொல்லுது." மகனின் போனிலிருந்தும் அதே குரல்கள் வருகின்றனவே என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரியும். தெரிந்த ஒன்றைக் கேட்டு ஒருவரை மடக்கினால் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார்.

அடிமையா?

படிவத்தில் அந்தச் சொல் இருந்ததால் முறையாகப் பார்க்க வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று அதில் உண்டு. மூன்று அடையாளம் கேட்கிறது: எப்போது, எவ்வளவு நேரம் என்பதில் கட்டுப்பாடு போயிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கேம் வந்துவிட்டிருக்க வேண்டும், கெடுதி வந்த பிறகும் விடாமல் தொடர வேண்டும். அதனால் வாழ்க்கை உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக இது பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும்.

கட்டுப்பாட்டை எடுப்போம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வீட்டில் இருக்கும் சார்ஜ் யாருடைய போனுக்கு என்பது பெரிய வழக்கு. அந்த நாட்களில் அவள் விளையாடவே இல்லை. தகப்பனின் போனுக்கு விட்டுக்கொடுத்தாள். எரிச்சல்படவில்லை, தூக்கம் கெடவில்லை, தாயே சாட்சி. இரண்டாம் தடவை பரீட்சைக்கு முன் கேமை அழித்துவிட்டு இரண்டு மாதம் படித்தாள். அடிமைப்பட்டவரிடம் இது நடக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கட்டுப்பாடு போனதற்கு இது அடையாளமில்லை.

நேரத்தையும் பார்த்தோம். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு, வீட்டில் நான்கு பேரும் தங்கள் போன் காட்டும் பாவனை நேரத்தை ஒரு கிழமை கொப்பியில் எழுதினார்கள். அவள் கேமில் நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி அதே கேமில் நான்குக்கு மேல். தாய், கனடாவில் இருக்கும் தங்கையோடு லூடோவில் ஒன்றேகால் மணித்தியாலம். தாய் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இது கேம் இல்லையே மிஸ், இது தாயம் மாதிரி" என்றார். நானும் முன்பு பழைய நோக்கியாவில் பாம்பு விளையாடிக்கொண்டு பஸ்ஸில் அலுவலகம் போனவள். அதைக் கேம் என்று எண்ணியதில்லை, ஆகையால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

என் முடிவு: கோளாறு இல்லை. கதைக்காமல் போனது கேமால் அல்ல. குரல் வெளியே வந்த ஒரே தடவை நடந்ததைப் பார்த்து, வீட்டிலும் மைக்கை மூடிக்கொண்டாள்.

நான் செய்த பிழை

ஏழாவது சந்திப்பில் அவள் திரும்ப விளையாடப்போவதாகச் சொன்னாள். தகப்பன் போனைக் கொடுத்துவிட்டார். நான் அக்கறையோடு ஒரு யோசனை சொன்னேன்: "கொஞ்ச நாளைக்கு மைக்கை மூடிக்கொண்டு விளையாடுங்க பிள்ளை. பாதுகாப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்களும் அதைத்தான் சொல்றீங்க மிஸ்."

அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. நான் தாய்க்கு அழைத்து, மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அது பிழையான யோசனை என்று சொன்னேன். யோசித்துப் பார்த்தால் தகப்பன், மாமா மகன், கட்டார் அண்ணா, யாழ்ப்பாணத்துப் பெடியன், நான், ஐந்து பேருமே ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறோம், ஆளுக்கொரு குரலில். அவளுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்பதல்ல. மூடுவதா திறப்பதா, யாரிடம் திறப்பது என்பதை அவள் கையில் கொடுக்காமல் நான் தீர்ப்புச் சொன்னதுதான் பிழை.

பிறகு வந்தாள். செய்யக்கூடியவற்றைச் சேர்ந்து பார்த்தோம். அந்தத் துண்டு வீடியோ கிடந்த இரண்டு இடத்தில் முறைப்பாடு கொடுத்தோம், ஒன்றில் நீக்கினார்கள். பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்தைப் பற்றிச் சொன்னேன், எழுதிக்கொண்டாள், அழைக்கவில்லை. பொலிஸுக்குப் போகலாம் என்றேன்; போனால் கேட்காத ஆட்களும் தேடிக் கேட்பார்கள் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

கை மட்டும் தெரியும் வீடியோ

அவளைக் குடைந்துகொண்டிருந்தது கொச்சை வசனம் அல்ல, 'தம்பிதான் விளையாடுகிறான்' என்பது. ஒருநாள் அவள் எனக்கு ஒரு கொரியப் பெண்ணின் கதையைச் சொன்னாள். நான் பிறகு தேடி வாசித்தேன், சரியாகத்தான் சொல்லியிருந்தாள். கெகுரி என்ற பெயரில் விளையாடும் கிம் செ-யோன். 2016இல் அவருக்குப் பதினேழு வயது. ஓவர்வோச் கேமில் குறி அவ்வளவு துல்லியம், ஆகவே ஏமாற்றுச் செயலி போட்டிருக்கிறாள் என்று எதிரணிக்காரர் குற்றம் சாட்டினார்கள். அவர் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், கையும் திரையும் தெரியக் கமராவை வைத்து நேரலையில் விளையாடிக் காட்டினார். குற்றம் சாட்டியவர்களில் இருவர் விளையாட்டை விட்டே போனார்கள். 2018இல் அவர் ஓவர்வோச் லீக்கில் சேர்ந்த முதல் பெண். 2019இல் ஹார்த்ஸ்டோன் உலக இறுதியை வென்ற சீனப் பெண் லீ சியாமெங்கின் கதையும் அவளுக்குத் தெரியும்: முன்பு ஒரு போட்டிக்கு வரிசையில் நின்றபோது, பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவன் சொன்னானாம். இந்தக் கதைகளை அவள் யூடியூபில் பார்த்தது மைக் உடைந்திருந்த காலத்தில்.

வீடியோ எடுக்கும் யோசனை தம்பியுடையது. இது எனக்கு எதிர்பாராதது. மூன்று கிழமை அவன் ஒரு வார்த்தை அவளுக்காகப் பேசியதில்லை. பேசினால் தன் போனும் அலுமாரிக்குள் போகும் என்ற பயமாம். அவன் ஏ.எல் கடந்தகால வினாத்தாள் புத்தகங்களை அடுக்கி, மேலே தன் போனைக் குப்புற நீட்டி வைத்து, அவளுடைய இரண்டு கையும் திரையும் மட்டும் விழும்படி செய்தான். நான்கு விரல் பிடி. வலது கையில் ஒரு காப்பு, அது கண்ணாடியில் பட்டு டிக் டிக் என்று சத்தம். முகம் இல்லை. பின்னால் தம்பியின் குரல்: "நான்தான் தம்பி. நான் இஞ்ச நிக்கிறன். விளையாடுறது அக்கா." அப்புறம் அவளோடு ஒற்றைக்கு ஒற்றை மோதி ஐந்துக்கு ஒன்று என்று தோற்றான். அதையும் வெட்டாமல் விட்டான்.

அதைப் பழைய அணியின் குழுவில் போட்டாள். யாழ்ப்பாணத்தவன் குழுவை விட்டுப் போனான். சென்னைப் பெடியன் கைதட்டும் படம் போட்டான். கட்டார் அண்ணா இரண்டு நாள் கழித்து ஒரு குரல்பதிவு அனுப்பினார். அவள் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. 'இனி நீ சொல்ற இடத்தில இறங்குவம்' என்று இருந்தது.

ஒரு பெண் தன் கையைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டுமா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு சக உளவளத்துணையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்துப் பெடியனிடம் யாரும் கை கேட்கவில்லை. ஆனால் அவளிடம் கேட்டால், அது நிரூபிக்க எடுத்ததல்ல, வடிவாக விளையாடிய ஒரு நாள், அதனால் வைத்திருக்கிறேன் என்கிறாள். நான் இதற்கு மேல் வியாக்கியானம் செய்யவில்லை.

விறாந்தை

தகப்பனோடு ஒப்பந்தம் எளிதில் வரவில்லை. அவர் கேட்டது: விறாந்தையில் இருந்து விளையாட வேண்டும், பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், தம்பி பக்கத்தில் இருக்க வேண்டும். விறாந்தைக்கு அவள் சம்மதித்தாள். பத்தைப் பதினொன்றாக்கினாள், கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்ற கணக்கைக் காட்டி. தம்பியைக் காவலுக்கு வைப்பதை ஏற்கவில்லை. "அவன் விளையாடேக்க நான் பக்கத்தில இருக்கிறனா?" தகப்பன் பதில் சொல்லவில்லை, அத்தோடு அந்த நிபந்தனை போனது.

அப்படியாக அவர் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு, அவள் படிக்கட்டில் போனோடு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நடந்ததைத் தாய் வந்து சொன்னார். மகள் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்: "இடப்பக்கம் போகாதீங்க, போகாதீங்க, அண்ணா போகாதீங்க, இடப்பக்கம்." தகப்பன் பேப்பரை இறக்கிவிட்டு, "ஒருக்காச் சொல்லிட்டு விடு பிள்ளை" என்றாராம். "பதில் வந்தாத்தான் கேட்டது எண்டு அர்த்தம். வராட்டித்தான் திரும்பச் சொல்லோணும். நீ கத்திக்கொண்டே இருந்தா அவன் எப்பிடிப் பதில் சொல்லுவான்?" இருபத்தெட்டு வருடம் இழுவைப் படகில் வயர்லெஸ் பிடித்த மனிதர். கொட்டியாரக் குடாவில் பெரிய கப்பலைத் திருப்பும்போது ஒரு சொல் கூடினாலும் குழப்பம் என்று தெரிந்தவர். முதலில் யாரைக் கூப்பிடுகிறாய் என்று பெயர், பிறகு இடம், பிறகு செய்தி, பிறகு வாயை மூடிக் காத்திரு.

அவள் அணிக்கு அதைப் பழக்கினாள். 'ஓவர்' சொல்வதை மட்டும் அணி ஏற்கவில்லை, சிரிக்கிறார்களாம்.

தகப்பனுக்குக் குரல்களோடு இருந்த பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். புதிதாக ஒரு ஆண் குரல் வந்தால் இன்னும் பேப்பர் இறங்குகிறது. மாமா வீட்டோடு போக்குவரத்து நின்றது நின்றதுதான். அந்தப் பதினைந்து செக்கன் எங்கோ ஒரு போனில் இன்னும் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதவர்களோடு விளையாடும்போது மைக் இப்போதும் மூடித்தான். பெயரும் இன்னும் ஆண் பெயர்தான். அணியோடு மட்டும் திறக்கிறாள். அணியில் அவளை இப்போதும் ஊமை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாற்றச் சொல்லவில்லையா என்றேன். "ஏன் மிஸ், அது நான் உழைச்ச பேர்."

பதினொரு சந்திப்போடு கோப்பை மூடினோம்.

பிறகு

அடுத்த வருடம் கம்பஸ் கிடைத்துப் போனாள். ஊரை விட்டு, ஹொஸ்டலில். போய் இரண்டு மாதம் இருக்கும், ஒரு இரவு தகப்பனிடமிருந்து அழைப்பு. அவர் எனக்கு அழைத்ததே இல்லை. திரும்ப ஏதோ வீடியோ வந்துவிட்டது என்றுதான் நினைத்துப் பயந்துகொண்டு எடுத்தேன்.

"மிஸ், பிள்ளை அங்க போய் விளையாடுறதே இல்லையாம். தம்பிதான் சொன்னான். ஏதும் பிரச்சினையோ?"

ஹொஸ்டலில் நெட் சரியில்லாமல் இருக்கும், இல்லாவிட்டால் படிப்பு கூடவாக இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

"எதுக்கும் நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ மிஸ்" என்றார். "நான் கேட்டனெண்டு சொல்ல வேண்டாம்."